கடைசி ஆளாகாமல் தப்புவது: பிளாக்ஜாக் விலகல் சுற்றுகளில் பந்தய அளவைத் தீர்மானிக்கும் முறை

பிளாக்ஜாக் ஆடக் கற்றுக்கொள்பவர் முதலில் மனப்பாடம் செய்வது, எந்தக் கைக்குச் சீட்டு எடுக்க வேண்டும், எந்தக் கையோடு நிற்க வேண்டும் என்று சொல்லும் அட்டவணையைத்தான். கசினோ மேசையில் அது பெருமளவுக்குப் போதும். மேசையின் விதிகள் நியாயமாக இருந்து, ஆடுபவரும் அட்டவணையை வழுவாமல் பின்பற்றினால், கட்டப்படும் ஒவ்வொரு நூறு ரூபாவிலும் நீண்டகாலச் சராசரியாகக் கசினோவுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய ஐம்பது சதம்தான். ஆனால் அதே அட்டவணையை மட்டும் நம்பிச் சுற்றுப்போட்டிக்குப் போகிறவர், சீட்டில் ஒரு பிழையும் விடாமலே முதலாவது விலகலில், அதாவது கையிருப்பு மிகக் குறைந்தவரை வெளியேற்றும் கட்டத்தில், எழுந்து வர நேரிடலாம். சுற்றுப்போட்டியில் ஒருவரை வெளியே அனுப்புவது பெரும்பாலும் அவருடைய சீட்டு அல்ல, சீட்டு வருவதற்கு முன்பே அவர் மேசையில் வைத்த தொகை.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காக அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீட்டுகளின் கூட்டுத்தொகை 21ஐத் தாண்டாமல் கசினோ சார்பில் சீட்டுப் போடும் டீலருடைய தொகையை மிஞ்ச வேண்டும். படச்சீட்டு ஒவ்வொன்றும் 10. ஏஸ் தேவைக்கேற்ப 1 அல்லது 11. முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும் சேர்ந்து வந்தால் அது பிளாக்ஜாக். வழமையான விதிப்படி அதற்குக் கட்டிய தொகையின் ஒன்றரை மடங்கு கிடைக்கும். டீலருக்குச் சொந்த முடிவு எதுவும் இல்லை. 17ஐ எட்டும் வரை அவர் எடுத்துக்கொண்டேயிருக்க வேண்டும். அட்டவணைப்படி ஆடும் ஒருவர் நூறு கைகளில் ஏறக்குறைய 43 கைகளை வெல்வார், 9 கைகள் சமமாகி, கட்டிய தொகை அப்படியே திரும்பும், 48 கைகளைத் தோற்பார். இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கணக்குகள் எளிதாகிவிடும்.

சுற்றுப்போட்டியில் எல்லோருக்கும் ஒரே அளவு சிப் (காசுக்குப் பதிலாகக் கட்டும் வட்டுகள்) கொடுக்கப்படும், ஆட வேண்டிய கைகளின் எண்ணிக்கையும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். டீலரோடு ஆடுவது போலத் தோன்றினாலும், உண்மையான எதிராளிகள் பக்கத்து ஆசனங்களில் இருப்பவர்களே. 2004இல் அமெரிக்காவின் ஜிஎஸ்என் தொலைக்காட்சி ‘வேர்ல்ட் சீரிஸ் ஒஃப் பிளாக்ஜாக்’ என்ற தொடரை ஒளிபரப்பத் தொடங்கிய பின்னர் இந்த வகை ஆட்டம் பலருக்கும் அறிமுகமாயிற்று. 2006இல் வந்த ‘அல்ரிமேற் பிளாக்ஜாக் ரூர்’ அதில் விலகல் முறையைப் புகுத்தியது: ஒரு சுற்றுக்கு 30 கைகள், 8ஆம், 16ஆம், 25ஆம் கைகள் முடிந்ததும் யாரிடம் சிப் மிகக் குறைவாக இருக்கிறதோ அவர் வெளியேற வேண்டும். இந்தக் கட்டுரை அந்த விலகல் கைகளைப் பற்றியது.

இலங்கையில் கசினோ நடத்த அனுமதிப்பத்திரம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் கசினோ கிடையாது. எனவே இங்கே இந்தக் கணக்கைப் பழக விரும்புகிறவர் காசு வைக்காமல் வீட்டிலேயே பழகுவார், பழகவும் அதுவே நல்ல வழி. 304 என்ற சீட்டாட்டத்தை ஆடி வளர்ந்தவர்களுக்குக் கையில் விழும் சீட்டின் பெறுமதியை 30, 20, 11, 10, 3, 2 என்று வாய்விடாமல் கூட்டிக்கொண்டே போகும் பழக்கம் ஏற்கெனவே உண்டு. அந்தப் பழக்கத்தை எதிராளியின் சிப் அடுக்கின் மீது திருப்பினால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது, விலகல் கையில் முதலாம் இடத்துக்கு எந்தப் பரிசும் இல்லை என்பதே. ஆறு பேர் இருக்கும் மேசையில் 8ஆம் கை முடிவில் உங்களுக்குக் கீழே ஒரே ஒருவர் இருந்தால் போதும். ஐயாயிரம் சிப்போடு முன்னால் நிற்பவரும் ஐந்தாம் இடத்தில் மயிரிழையில் தப்பியவரும் ஒன்பதாவது கையை ஒன்றாகவே தொடங்குவார்கள். இதனால், பந்தயம் கட்டுவதற்கு முன் ‘நான் எவ்வளவு வெல்லலாம்’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘எனக்குக் கீழே விழக்கூடியவர் யார், எங்கள் இருவருக்கும் இடையில் எவ்வளவு தூரம்’ என்று கேட்க வேண்டும். புதிதாக வருகிறவர்களில் பலர் இந்தக் கேள்வியை மாற்றிக் கேட்பதாலேயே தேவையில்லாத இடத்தில் பெருந்தொகையைக் கட்டிவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் 1000 சிப்போடு தொடங்கினார்கள். குறைந்த பந்தயம் 10, கூடிய பந்தயம் 500, மிகச் சிறிய சிப் 10. 8ஆம் கை வந்துவிட்டது. மற்ற நால்வரும் எட்டாத உயரத்தில் இருக்கிறார்கள். கீழே இருப்பவர்கள் இருவர்: உங்களிடம் 860, ரஞ்சனிடம் 800. ரஞ்சன் முதலில் கட்ட வேண்டும். அவர் 200 வைக்கிறார். நீங்கள் எவ்வளவு வைப்பீர்கள்?

முன்னால் இருப்பவன் அடக்கமாக இருக்க வேண்டும் என்று எண்ணி 10 வைப்பது பலருக்கும் இயல்பாகத் தோன்றும். ஆனால் ரஞ்சன் வென்றால் அவரிடம் 1000 இருக்கும்; நீங்கள் வென்றாலும் 870தான். அதாவது ரஞ்சன் வெல்லும் நூற்றுக்கு 43 தடவையும், உங்கள் சீட்டு என்னவாக இருந்தாலும், நீங்கள் வெளியே. கையில் நல்ல சீட்டு வந்தும் அதனால் ஒரு பயனும் இல்லாத நிலையை நீங்களே உண்டாக்கியிருப்பீர்கள்.

மாறாக 150 வைத்துப் பாருங்கள். இருவரும் வென்றால் உங்களிடம் 1010, அவரிடம் 1000. இருவரும் தோற்றால் உங்களிடம் 710, அவரிடம் 600. இரண்டு பக்கமும் நீங்களே மேலே. ரஞ்சன் வென்று நீங்கள் வெல்லாமல் போவது, அல்லது அவருடைய கை சமமாகி நீங்கள் தோற்பது ஆகிய நிலைகளில் மட்டுமே ஆபத்து மிஞ்சுகிறது. அந்த நிலைகள் நினைப்பதைவிடக் குறைவாகவே நேரும். ஏனெனில் நீங்கள் இருவரும் ஒரே டீலரின் கைக்கு எதிராக ஆடுகிறீர்கள். டீலர் 21ஐத் தாண்டிவிட்டால் நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்தே வெல்வார்கள். அவருக்கு 20 வந்தால் பெரும்பாலும் எல்லோரும் சேர்ந்தே தோற்பார்கள். முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பவரின் பந்தயத்தை ஒட்டியே கட்ட வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்த 150 எங்கிருந்து வந்தது? எதிராளியின் பந்தயம் 200. உங்கள் முன்னிலை 60. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 140, கூட்டினால் 260. இந்த இரண்டுக்கும் நடுவில், எல்லை எண்களைத் தொடாமல், 150 முதல் 250 வரை நீங்கள் எதை வைத்தாலும் இருவரும் வென்றாலும் நீங்கள் முன், இருவரும் தோற்றாலும் நீங்கள் முன். எல்லையைத் தொட்டால் சமநிலை வரும். சமநிலையை எப்படித் தீர்ப்பார்கள் என்பது போட்டிக்குப் போட்டி மாறும் விதி, அதை ஆட்டத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. முன்னிலை பெரிதாக இருந்தால் இந்த இடைவெளியும் அகலமாக இருக்கும். முன்னிலை வெறும் 10 என்றால் எதிராளி வைத்ததையே அப்படியே வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இடைவெளிக்குள் எந்த எண் என்பதும் கவனிக்க வேண்டியது. ரஞ்சனுக்குப் பிளாக்ஜாக் வந்தால் அவருடைய 200க்கு 300 கிடைக்கும். அவர் 1100க்குப் போய்விடுவார். நீங்கள் 250 வைத்து வென்றிருந்தால் 1110, தப்பிவிடுவீர்கள். 150 வைத்திருந்தால் தப்ப மாட்டீர்கள். அப்படியானால் எப்போதும் மேல் எல்லையை ஒட்டியே வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் சில போட்டிகளில் கையைச் சரணடைந்து பந்தயத்தில் பாதியை மீட்க அனுமதி உண்டு. ரஞ்சன் சரணடைந்தால் 700இல் நிற்பார். 250 வைத்துத் தோற்றவரிடம் 610, 150 வைத்துத் தோற்றவரிடம் 710. எனவே சரணடைதல் இல்லாத மேசையில் மேல் எல்லையையும், இருக்கும் மேசையில் கீழ் எல்லையையும் தெரிவு செய்வதே என் எண்ணம். விதித்தாளை வாசிக்காமல் அமர்கிறவர் இந்த நுணுக்கத்தை அறியாமலே ஒரு வாய்ப்பை விட்டுக்கொடுக்கிறார்.

இப்போது ஆசனங்களை மாற்றுவோம். உங்களிடம் 800, ரஞ்சனிடம் 860. அவர் முதலில் 100 வைத்துவிட்டார். பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரை ஒட்டிக் கட்டினால் இருவரும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கி, இடைவெளி அப்படியே இருக்கும். எனவே அவரிடமிருந்து விலகியே கட்ட வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, மேலால் முந்துவது: அவர் வென்றால் வரும் 960ஐத் தாண்ட 170 வைப்பது. நீங்கள் வென்றால் 970; எனவே உங்கள் கை வென்றால் போதும், அவர் என்ன செய்தாலும் (பிளாக்ஜாக் நீங்கலாக) நீங்கள் மேலே. மற்றது, கீழால் தப்புவது: அவர் தோற்றால் 760க்கு விழுவார், நீங்கள் 30 மட்டும் வைத்திருந்தால் தோற்றும் 770இல் நிற்பீர்கள். இங்கே உங்கள் கை வெல்ல வேண்டிய அவசியமே இல்லை; அவர் தோற்றால் போதும்.

முன்னர் சொன்ன எண்களை இங்கே பொருத்திப் பாருங்கள். மேலால் முந்த உங்கள் கை வெல்ல வேண்டும்: அது ஏறக்குறைய 43, உங்கள் கை சமமாகி அவர் தோற்கும் சில தடவைகளையும் சேர்த்தால் சற்றுக் கூடும். கீழால் தப்ப அவர் தோற்க வேண்டும்: அது ஏறக்குறைய 48. பிளாக்ஜாக்கில் யாரும் வெல்வதைவிடத் தோற்பதே அதிகம் என்ற, கசினோவுக்குப் பிழைப்புத் தரும் அந்த உண்மை, இந்த இடத்தில் உங்கள் பக்கம் நிற்கிறது. வேறுபாடு பெரிதல்ல, ஆயினும் பின்தங்கியவுடன் கையிலிருப்பதையெல்லாம் தள்ளிவிடும் பழக்கம் எவ்வளவு அவசரமானது என்பதை இது காட்டுகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே, 90 என்று ஒரு தொகையை வைத்தால் என்ன நடக்கும்? வென்றால் 890, அவரும் வென்றிருந்தால் 960, நீங்கள் கீழே. தோற்றால் 710, அவரும் தோற்றிருந்தால் 760, அப்போதும் நீங்கள் கீழே. துணிவும் இல்லை, சேமிப்பும் இல்லை. உண்மையில் 90க்கு ஒரு மறைமுகப் பயன் உண்டு: சீட்டைப் பார்த்த பின் டபிள் செய்து 180 ஆக்கி, வென்றால் 980க்குப் போகலாம். ஆனால் டபிள் செய்தவருக்கு ஒரேயொரு சீட்டுத்தான் கிடைக்கும். எல்லாக் கைக்கும் அது பொருந்தாது. கணக்குக் கைவந்த பின் பார்த்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் நடுத்தொகைகளைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

இதுவரை சொன்ன இரண்டு நிலையிலும் நீங்கள் பின்னால் கட்டினீர்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டாவதாகத் துடுப்பெடுத்தாடும் அணிக்கு இலக்குத் தெரிந்திருப்பதைப் போல, கடைசியாகக் கட்டுபவருக்கு எல்லா எண்களும் தெரியும். எங்கள் ஊரில் நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான்மாரோடு விறாந்தையில் கரம் காய்களைச் சிப்பாக வைத்து, கறுப்பு நூறு, வெள்ளை ஐம்பது, புளியங்கொட்டை பத்து என்று ஆடும்போது, சீட்டைவிட அதிகமாகச் சண்டை வருவது இதில்தான். “மச்சான், முதல்ல நீ வை, நான் பாத்திட்டு வைக்கிறன்” என்று ஒருவர் கையால் காய்களை மூடிக்கொள்வார். “அது சரிவராது, இந்தக் கைக்கு உன்ர முறை” என்று மற்றவர் விட மாட்டார். சுற்றுப்போட்டியில் அந்தச் சண்டைக்கு இடமில்லை. முதலில் கட்ட வேண்டியவரைக் குறிக்கும் வில்லை ஒவ்வொரு கைக்கும் ஓர் ஆசனம் நகரும். அதனால் யாருடைய முறை எப்போது வரும் என்பதை முன்பே எண்ணிவிடலாம். ஆறு பேர் மேசையில் முதலாம் கையை முதலாம் ஆசனம் தொடங்கினால், ஏழாம் கையில் வில்லை மறுபடியும் அங்கே வரும். எட்டாம் கையை இரண்டாம் ஆசனம் தொடங்க, முதலாம் ஆசனத்தில் இருப்பவர் கடைசியாகக் கட்டுவார். எட்டாம் கையில் முதலில் கட்ட வேண்டியவர் நீங்கள்தான் என்று தெரிந்தால், அந்தக் கைக்கு முன்பே கொஞ்சம் இடைவெளி தேடிக்கொள்ள வேண்டும்.

தேடியும் கிடைக்கவில்லை, முன்னிலை வெறும் 60, நீங்களே முதலில் கட்ட வேண்டும் என்றால்? முழுப் பாதுகாப்பான பதில் இதற்கு இல்லை. ஆனால் இரண்டு தெரிவையும் ஒப்பிடலாம். 860இலிருந்து நீங்கள் 200 வைத்தால், 800 வைத்திருக்கும் ரஞ்சன் 130 வைப்பார். நீங்கள் தோற்று 660க்கு இறங்கினால் அவர் தோற்றும் 670இல் நிற்பார். அதாவது நீங்கள் தோற்கும் 48 தடவையும் அவருக்கே. நீங்கள் 10 மட்டும் வைத்தால் தோற்றாலும் 850; அவர் கீழால் தப்பும் வழி அடைபட்டுவிடுகிறது, குறைந்தது 80 வைத்து அவர் வென்றாக வேண்டும். அவர் வெல்வது ஏறக்குறைய 43 தடவை. எனவே முன்னால் இருந்து முதலில் கட்டுபவர் சிறிதாக வைத்து, வெல்ல வேண்டிய சுமையை மற்றவர் தலையில் போடுவது நல்லது. சில பந்திகளுக்கு முன் இதே 10ஐப் பிழை என்று சொன்னது, ரஞ்சன் ஏற்கெனவே 200 வைத்துவிட்ட நிலையில். முறை மாறினால் சரியும் பிழையும் இடம் மாறுகின்றன.

மேசையில் நெருக்கமாக இருப்பவர்கள் இருவர் அல்லாமல் மூவர் என்றால் கணக்கு உங்களுக்குச் சாதகமாகவே மாறும். உங்களிடம் 860, மற்ற இருவரிடம் 840, 820 என்று வைத்துக்கொள்வோம்; இருவரும் பதற்றத்தில் ஆளுக்கு 300 வைத்துவிட்டார்கள். இப்போது 10 வைத்துவிட்டு அமைதியாக இருக்கலாம். இருவரும் சேர்ந்து வென்றால் மட்டுமே நீங்கள் வெளியே. ஒருவர் சமமானால்கூட அவர் உங்கள் 850க்குக் கீழே நிற்பார். இருவரும் ஒன்றாக வெல்லும் வாய்ப்பு ஒருவர் தனியே வெல்லும் 43ஐவிடக் குறைவாகவே இருக்க முடியும். எத்தனை பேர் பெரிதாகக் கட்டுகிறார்களோ அத்தனைக்குச் சிறு பந்தயத்தின் மதிப்பு ஏறும்.

விலகல் கைக்கு முந்திய கைகளைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. முதல் ஐந்து கைகளில் குறைந்த பந்தயத்தை வைத்துக்கொண்டு, பெரிதாகக் கட்டுகிறவர்கள் ஏறுவதையும் விழுவதையும் பார்த்திருப்பது பெரும்பாலும் போதுமானது. ஆனால் ஆறாம் கையில் நீங்களே அடியில் இருப்பதைக் கண்டால் எட்டாம் கை வரை பொறுக்காதீர்கள். எட்டாம் கையில் எல்லோரும் உங்கள் பந்தயத்தைப் பார்த்தே தங்கள் பந்தயத்தைக் கட்டுவார்கள். ஆறாம் ஏழாம் கைகளில் பலர் இன்னும் தங்கள் சீட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது வைக்கும் பெரிய பந்தயத்துக்குப் பதில் சொல்ல ஆள் குறைவு.

25ஆம் கை தாண்டியதும் கேள்வி தலைகீழாகிறது: இனிக் கீழே ஒருவர் இருந்தால் போதாது, முப்பதாவது கை முடிவில் மேலே ஒருவரும் இருக்கக் கூடாது. கழித்தல் கூட்டல் கணக்கு மாறாது. ஆனால் அளவிட வேண்டிய ஆள், உங்களுக்குக் கீழே விழக்கூடியவர் அல்ல, மேலே நிற்பவர்.

மேலே சொன்ன ‘அல்ரிமேற் பிளாக்ஜாக் ரூர்’ போட்டியில் இன்னொரு வசதியும் இருந்தது: ஒவ்வொருவரும் ஒரு சுற்றில் ஒரு தடவை தம் பந்தயத்தை எழுதி மறைவாக வைக்கலாம். மற்றவர்கள் அந்தத் தொகையை அறியாததால், பின்னால் கட்டுபவரின் சாதகம் அந்த ஒரு கையில் இல்லாமல் போய்விடும். அதைத் தொடக்கக் கைகளில் ஆர்வத்தில் செலவழிப்பவர்கள் உண்டு. விலகல் கையில் வில்லை உங்கள் முன் வந்து, பக்கத்தில் இருப்பவரோடு இடைவெளி சிறிதாக இருக்கும் வேளைக்காக அதை வைத்திருப்பதே சரி. அதே காரணத்தால், இரகசியப் பந்தயத்தை இன்னும் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் எதிராளி யார் என்பதையும் அவருடைய சிப்போடு சேர்த்தே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் முன்னால் கட்டினாலும், அந்தக் கையில் 140, 260 என்று எல்லை போட உங்களிடம் எண் இருக்காது.